‘நிச்சயமாகவா?’ என்று கேட்டுவிட்டால் போதுமா?

2018 ஜனவரி 13, சனிக்கிழமை. காலை 8:07க்கு ஹவாய்த் தீவுகளெங்கும் செல்பேசிகள் ஒரே நேரத்தில் அலறின. ஏவுகணை வந்துகொண்டிருக்கிறது, உடனே பாதுகாப்பான இடத்துக்குப் போங்கள், இது ஒத்திகை அல்ல என்றது செய்தி. ஏவுகணை எதுவும் வரவில்லை. மாநில அவசரகால மேலாண்மை அலுவலகத்தில் இரவுப் பணியாளர்களும் பகல் பணியாளர்களும் மாறும் நேரத்தில் நடந்த ஒத்திகையின்போது ஓர் ஊழியர் உண்மையான எச்சரிக்கையை அனுப்பிவிட்டார். அது தவறான செய்தி என்ற திருத்தம் செல்பேசிகளுக்கு வந்தபோது மணி 8:45.

அந்த வாரம் நம் துறை எப்படி நடந்துகொண்டது என்பது பலருக்கும் நினைவிருக்கும். அலுவலகத்தின் மெனுத் திரை என்று ஒரு படம் வெளிவந்தது. ஒத்திகைச் செய்தியும் உண்மைச் செய்தியும் பக்கத்துப் பக்கத்தில், ஒரே நிறத்தில், ஒரே எழுத்தில் கிடந்தன. உலகெங்கும் வடிவமைப்பாளர்கள் அதைக் கேலி செய்தார்கள், திருத்தி வரைந்தார்கள், பாடமாகவும் நடத்தினார்கள். ஓரிரு நாளில் மாநில அரசு, அந்தப் படம் உண்மையான திரை அல்ல என்றது. இல்லாத ஒரு திரைக்கு நாம் அத்தனை மருந்து எழுதிக் கொடுத்திருந்தோம்!

அமெரிக்கத் தகவல் தொடர்பு ஆணையம் விசாரித்து வெளியிட்ட அறிக்கை இன்னும் சங்கடமானது. அந்த ஊழியர் மெனுவில் கை தவறி எதையோ தொட்டுவிடவில்லை. ஏவுகணை வருகிறது என்று உண்மையிலேயே நம்பினார். ஒத்திகைக்காக ஒலிபரப்பிய பதிவின் முதலிலும் முடிவிலும் ‘பயிற்சி’ என்ற சொல் இருந்தது. நடுவில் ‘இது ஒத்திகை அல்ல’ என்ற வாக்கியமும் இருந்தது. முதலாவது அவர் காதில் விழவில்லை, இரண்டாவது விழுந்தது. எச்சரிக்கையைத் தேர்ந்தெடுத்ததும் மென்பொருள் தன் கடமையைச் செய்தது: இந்த எச்சரிக்கையை நிச்சயமாக அனுப்ப வேண்டுமா என்று கேட்டது. சோதனைச் செய்தி, உண்மைச் செய்தி இரண்டுக்கும் அதே வாசகம்தான். அவருக்குச் சந்தேகமே இல்லை. ‘ஆம்’ என்றார்.

நிச்சயமாக இருப்பவரிடம் போய் நிச்சயமா என்று கேட்பதால் என்ன பயன் என்பதுதான் இந்த இதழில் நாம் எழுப்ப விரும்பும் கேள்வி. அதைவிட முக்கியமான இன்னொரு கேள்வியும் அந்த 38 நிமிடங்களுக்குள் இருக்கிறது. அனுப்பியது தவறு என்பது அலுவலகத்துக்குச் சில நிமிடங்களிலேயே தெரிந்துவிட்டது. எச்சரிக்கையை நிறுத்தும் கட்டளையையும் கொடுத்தார்கள். அது மேற்கொண்டு செய்தி போகாமல் தடுத்ததே தவிர, ஏற்கெனவே செய்தி கிடைத்தவர்களுக்கு எதையும் சொல்லவில்லை. தவறுதலாக அனுப்பிவிட்டோம் என்று சொல்ல, முன்கூட்டி எழுதிவைத்த செய்தி எதுவும் அந்த அமைப்பில் இல்லை. எந்த வகைச் செய்தியாகத் திருத்தத்தை அனுப்புவது என்று மத்தியப் பேரிடர் அமைப்பிடம் பேசி, பிறகு புதிதாகத் தட்டச்சு செய்து அனுப்பினார்கள். ஆளுநருக்கு 8:09க்கே உண்மை தெரியும். ட்விட்டர் கணக்கின் கடவுச்சொல் தெரியாமல் அவர் திணறியதும் பின்னர் வெளியே வந்தது. அனுப்புவதற்கு வழி செய்தவர்கள் திரும்பப் பெறுவதற்கு வழி செய்யவில்லை. என் கணிப்பில் அன்றைய வடிவமைப்புக் குற்றம் மெனுவில் இல்லை, இங்கேதான் இருக்கிறது.

டொனால்ட் நார்மன் 1980களில் மனிதப் பிழைகளை இரண்டாகப் பிரித்துக் காட்டினார். எண்ணம் சரி, செயல் வழுக்கிவிட்டது என்பது ஒரு வகை: ‘சேமி’யைத் தொடப் போய் ‘நீக்கு’வைத் தொடுவது. எண்ணமே தவறு, செயல் அதன்படி சரியாக நடந்தது என்பது இன்னொரு வகை: ஹவாய் ஊழியர் செய்தது. இந்தப் பாகுபாடு எல்லாப் பாடத்திட்டங்களிலும் இருக்கிறது, நேர்முகத் தேர்வுகளில் கேட்கப்படுகிறது, வேலையில் சேர்ந்த மறுவாரம் மறந்துபோகிறது. நினைவில் இருந்தால், உறுதி கேட்கும் பெட்டியை இவ்வளவு நம்பமாட்டோம். எண்ணப் பிழைக்கு அந்தப் பெட்டி எதுவும் செய்வதில்லை. நினைத்ததைத்தான் செய்தேன் என்று பயனர் சொல்லிவிட்டுப் போகிறார். வழுக்கலுக்காவது உதவுமா என்றால், முதல் சில தடவை உதவும். ஒரே பெட்டி தினமும் வந்தால் ‘ஆம்’ என்பது தனி முடிவாக இருக்காது, பொத்தானை அழுத்தும் கையசைவின் கடைசிப் பகுதியாகிவிடும். அமெரிக்காவின் பிரிகாம் யங் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மூளையைப் படமெடுத்துப் பார்த்து 2015இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு ஆதாரம். ஒரே பாதுகாப்பு எச்சரிக்கையை இரண்டாம் முறை காட்டும்போதே, அதைப் பார்க்கும் மூளைப் பகுதியின் செயல்பாடு வெகுவாகக் குறைந்துவிட்டது.

ஒருவர் தவறினால் இன்னொருவர் பிடிப்பார் என்று சொல்லலாம். சிட்டி வங்கியில் மூன்று பேர் இருந்தார்கள். ரெவ்லான் அழகுசாதன நிறுவனத்தின் கடனுக்கு 2020 ஆகஸ்ட் 11 அன்று வட்டியாக ஏறத்தாழ 78 லட்சம் டாலர் அனுப்ப வேண்டும். கணக்கு முறைப்படி அசல் தொகையையும் மென்பொருளில் காட்டியாக வேண்டும், ஆனால் அது வங்கியின் உட்கணக்கு ஒன்றுக்குத்தான் போக வேண்டும், வெளியே போகக் கூடாது. ஃப்ளெக்ஸ்கியூப் என்ற அந்த மென்பொருளில் இதற்கு மூன்று பெட்டிகளை ‘டிக்’ செய்ய வேண்டும். ‘அசல்’ என்ற ஒன்றை மட்டும் டிக் செய்தால் போதும் என்று பதிந்தவர் நம்பினார், சரிபார்த்தவர் நம்பினார், ஒப்புதல் தந்த மேலதிகாரியும் நம்பினார். கிட்டத்தட்ட 90 கோடி டாலர் கடன் கொடுத்தவர்களுக்குப் போய்ச் சேர்ந்தது. அதற்கு முன் திரையில் எச்சரிக்கையும் வந்தது: பணம் வங்கிக்கு வெளியே போகும், தொடரவா? வட்டிப் பணம் எப்படியும் வெளியேதான் போக வேண்டும் என்பதால் அந்த எச்சரிக்கை யாரையும் உறுத்தவில்லை. எவ்வளவு பணம் போகிறது என்பதை அது சொல்லவே இல்லை.

ஏறத்தாழ 50 கோடி டாலரைப் பெற்றவர்கள் திருப்பித் தர மறுத்தார்கள். 2021 பிப்ரவரியில் நியூயார்க் நீதிமன்றம் அவர்கள் பக்கம் தீர்ப்பளித்தது. 2022 செப்டம்பரில்தான் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை மாற்றியது. ஒரு கட்டளையைத் திரும்பப் பெற இரண்டு ஆண்டுகளும் வழக்கறிஞர் கட்டணமும்! ‘மூவர் பார்த்தார்கள்’ என்பது இங்கே எந்தப் பாதுகாப்பும் தரவில்லை. மூவரும் பார்த்தது ஒரே திரையை, ஒரே தவறான புரிதலோடு. ஹவாயில் அந்தச் சம்பவத்துக்குப் பிறகு இரண்டு பேர் ஒப்புதல் தர வேண்டும் என்று விதி செய்தார்கள். அதோடு திருத்தச் செய்தியையும் தயாராக எழுதிவைத்தார்கள். இரண்டில் எது பயனுள்ளது என்று கேட்டால் யோசிக்காமல் இரண்டாவதைச் சொல்வேன்.

நம் சொந்த வீட்டிலிருந்தும் ஓர் உதாரணம். 2022இல் எச்டிடிபை என்ற திறமூலக் கருவியின் ஆசிரியர், கிட்ஹப்பில் ஒரு வெற்றுக் களஞ்சியத்தைத் தனியார்ப் பார்வைக்கு மாற்றுவதாக நினைத்துக்கொண்டு, தம் முதன்மைக் களஞ்சியத்தையே மாற்றிவிட்டார். கிட்ஹப் சும்மா விடவில்லை. நட்சத்திரங்களை நிரந்தரமாக இழப்பீர்கள் என்று எச்சரித்தது, களஞ்சியத்தின் பெயரை முழுதாகத் தட்டச்சு செய்யச் சொன்னது. பெயரைச் சரியாகவே தட்டச்சு செய்தார். அந்தப் பெயரில் இருப்பது வெற்றுக் களஞ்சியம் என்பதுதான் அவர் எண்ணம். பத்தாண்டில் சேர்ந்த 54,000 நட்சத்திரங்கள் போயின, திரும்பக் கிடைக்கவில்லை. வெற்றுக் களஞ்சியத்துக்கும் 54,000 பேர் பின்தொடரும் களஞ்சியத்துக்கும் அந்தப் பெட்டி ஒரே வாசகத்தையே காட்டியது என்று அவர் பிறகு எழுதினார். பயனர் கணினி அறியாதவர் என்று இங்கே யாரும் சொல்ல முடியாது.

இத்தனைக்குப் பிறகும் நம் திரைகள் ஏன் இந்தப் பெட்டிகளால் நிறைந்திருக்கின்றன? காரணம் அறியாமை அல்ல. பென் ஷ்னைடர்மன் 1986இல் எழுதிய விதிகளிலேயே ‘செயல்களை எளிதாகத் திருப்ப வழி செய்’ என்பது இருக்கிறது. யாக்கோப் நீல்சனின் 1994ஆம் ஆண்டுப் பத்து விதிகளில் அது மூன்றாவது. வாரன் டைட்டெல்மன் லிஸ்ப் சூழலில் அன்டூ கட்டளையை வைத்து ஐம்பது ஆண்டுகள் ஆகிவிட்டன. காரணம் ஸ்பிரின்ட் கணக்கு. ‘நீக்கு’ பொத்தானுக்கு ஒரு பெட்டி வைக்க டெவலப்பருக்கு அரை நாள் போதும். வடிவமைப்பு நூலகத்தில் பெட்டி தயாராக இருக்கிறது, வாசகத்தை மாற்றினால் முடிந்தது. சோதனையாளரும் எளிதாகத் தேறியது என்று குறித்துவிடுவார். நீக்கியதை மீட்கும் வசதி என்றால் நிலைமை வேறு.

ஒரு ஆர்டரை நீக்குகிறோம் என்று வையுங்கள். தரவுத்தளத்தில் அந்த வரிசையை அழிக்காமல் ‘நீக்கப்பட்டது’ என்று குறிப்பது முதல் படி. அதன்பின் அந்த அட்டவணையைத் தொடும் ஒவ்வொரு வினவலும் அந்தக் குறியைப் பார்க்க வேண்டும். ஒன்று மறந்தாலும் மாத அறிக்கையில் செத்த ஆர்டர்கள் எழுந்து உட்காரும். வாடிக்கையாளர் கணக்கையும் இப்படியே நீக்கியிருந்தால், அவர் அதே மின்னஞ்சலில் மறுபடி பதிய வரும்போது, ‘ஏற்கெனவே இருக்கிறது’ என்று தரவுத்தளம் மறுக்கும். ஆர்டர் நீங்கிய கணத்தில் வாடிக்கையாளருக்குக் குறுஞ்செய்தி போகும், இருப்பு கிடங்குக் கணக்கில் ஏறும், பணத்தைத் திருப்பும் வேலை வரிசையில் நிற்கும். அன்டூ என்றால் இவை அனைத்தையும் சில நிமிடம் பிடித்துவைக்க வேண்டும், அல்லது ஒவ்வொன்றுக்கும் எதிர்ச்செயல் எழுத வேண்டும். இதையெல்லாம் ரிலீஸுக்கு இரண்டு வாரம் இருக்கும்போது சேர்க்க முடியாது. தரவு மாதிரியை வரையும் நாளிலேயே முடிவாக வேண்டிய விஷயம் இது. யூஎக்ஸ் வடிவமைப்பாளர் அந்தக் கூட்டத்தில் இருப்பதில்லை. திரை வரைய வேண்டிய கட்டத்தில்தான் அவரை அழைக்கிறோம். அப்போது அவரால் பெட்டி மட்டும்தான் வரைய முடியும்.

இதோடு யாரும் வாய்விட்டுச் சொல்லாத காரணம் ஒன்றும் உண்டு. பெட்டி வைத்தால், பிறகு புகார் வரும்போது ‘கேட்டோம், ஆம் என்றீர்கள்’ என்று சொல்லலாம். ஆதரவுப் பிரிவு அந்த டிக்கெட்டில் ‘பயனர் பிழை’ என்று எழுதி மூடிவிடலாம். உண்மையில் அந்தப் பெட்டியால் பாதுகாக்கப்படுவது நிறுவனம். அணுகல்தன்மைக்கான டபிள்யூசிஏஜி நெறிமுறையும் இதற்கு இடம் கொடுத்துவிட்டது என்பது என் வருத்தம். சட்டம், பணம், தரவு தொடர்பான செயல்களுக்கு மூன்று வழிகளில் ஏதேனும் ஒன்று போதும் என்கிறது அது: திருப்ப முடிய வேண்டும், அல்லது உள்ளீட்டைச் சோதித்துத் திருத்த வாய்ப்புத் தர வேண்டும், அல்லது இறுதியில் உறுதி கேட்க வேண்டும். திருப்புவதை முதலில் எழுதியிருக்கிறார்கள். நம் அணிகள் மூன்றாவதைப் பிடித்துக்கொண்டு, நெறிமுறைப்படி முடித்தோம் என்கின்றன.

எல்லா அன்டூவும் அப்படிப் பெரிய கட்டுமானம் கேட்பதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஜிமெயிலின் ‘அனுப்பியதை மீட்டெடு’ வசதி 2009இல் சோதனை முயற்சியாக வந்தது, 2015இல் எல்லோருக்கும் கிடைத்தது. அதில் போன கடிதம் எதுவும் திரும்பி வருவதில்லை. ‘அனுப்பு’வை அழுத்திய பின் சில நொடிகள், அதிகம் போனால் 30 நொடிகள், கடிதம் கூகுளிடமே காத்திருக்கிறது, அவ்வளவுதான் விஷயம். எழுதியவருக்குத் தம் பிழை தெரிவது பெரும்பாலும் அழுத்திய மறுகணத்தில்தான் என்பதைக் கவனித்த யாரோ இதைச் செய்திருக்கிறார்கள். வாட்ஸ்அப்பில் ‘எல்லோருக்கும் நீக்கு’ என்பதற்குப் பதிலாக ‘எனக்கு மட்டும் நீக்கு’வைத் தொட்டுவிட்டு, குழுவில் எல்லோரும் படிக்கப் போகும் செய்தியைத் தாம் மட்டும் பார்க்க முடியாமல் தவித்தவர்கள் நம்மில் நிறைய. 2022 டிசம்பரில் அதற்கு ஐந்து நொடி அன்டூ கொடுத்தார்கள். ஐந்து நொடி என்பது கண் தெரியாமல் திரைவாசிப்பானைப் பயன்படுத்துகிறவருக்கும், விரல் நடுங்கும் முதியவருக்கும் போதாது. அந்தப் பட்டை மறைந்த பிறகும் மீட்க இன்னொரு இடம் இருக்க வேண்டும். ஆனாலும் சரியான திசை.

இனி மறுப்புகளுக்கு வருவோம். அன்டூ இருந்தால் எதுவும் உண்மையில் அழிவதில்லையே, தனியுரிமை என்னாவது என்று சட்டப் பிரிவினர் கேட்பார்கள். நியாயமான கேள்வி. இந்தியாவின் 2023ஆம் ஆண்டு எண்ணிமத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தரவை அழிக்கச் சொல்லும் உரிமையைக் குடிமகனுக்குத் தருகிறது. அதனால் குப்பைத்தொட்டிக்குக் கெடு வேண்டும், அந்தக் கெடு பயனருக்குத் தெரிந்திருக்க வேண்டும். கூகுள் டிரைவ் 30 நாள் என்று வெளிப்படையாகச் சொல்கிறது. ‘குறியிட்டு வைத்தோம்’ என்ற பெயரில் பத்து வருடம் வைத்திருப்பது அன்டூ ஆகாது, பதுக்கல்.

இரண்டாவது மறுப்பு கடினமானது: திருப்பவே முடியாத செயல்கள் உண்டு. பணம் அனுப்புவது அதில் முதன்மை. யூபிஐயில் அழுத்திய பணம் நொடிகளில் இன்னொருவர் கணக்கில் இருக்கிறது. அவர் அதை எடுத்துச் செலவழித்தும் விடலாம். இங்கே அன்டூ எப்படிச் சாத்தியம்? இங்கேதான் உறுதி கேட்பதற்கு உண்மையான வேலை இருக்கிறது. ஒரு நிபந்தனை: பயனருக்குத் தெரியாத ஒன்றை அந்தத் திரை சொல்ல வேண்டும். நம் வங்கிகள் என்ன செய்துகொண்டிருந்தன என்று பாருங்கள். நெஃப்ட், ஆர்டிஜிஎஸ் இரண்டிலும் பெறுபவர் பெயரை நாம் தட்டச்சு செய்வோம், ஆனால் பணம் கணக்கு எண்ணை மட்டும் பார்த்தே வரவாகும். பிழையைத் தடுக்கக் கணக்கு எண்ணை இரண்டு முறை தட்டச்சு செய்யச் சொன்னார்கள். விரல் வழுக்கினால் அது பிடிக்கும். தவறான எண்ணையே ஒருவர் நமக்கு அனுப்பியிருந்தால், அதை இரண்டு முறை சரியாகத் தட்டச்சு செய்வோம். 2024 டிசம்பரில் ரிசர்வ் வங்கி, பெறுபவரின் வங்கிப் பதிவுப் பெயரை அனுப்பும் முன்பே காட்டும் வசதியை 2025 ஏப்ரல் 1க்குள் தர வேண்டும் என்று உத்தரவிட்டது. ‘இந்தக் கணக்கு இன்னார் பெயரில் இருக்கிறது’ என்ற ஒற்றை வரி, ‘நிச்சயமாகவா?’ செய்ய முடியாததைச் செய்கிறது. நம் எண்ணம் தவறு என்று நமக்கே காட்டுகிறது. சிட்டி வங்கித் திரையில் ‘வெளியே போகும் தொகை 90 கோடி டாலர்’ என்று ஒரு வரி இருந்திருந்தால் மூவரில் ஒருவராவது நாற்காலியிலிருந்து எழுந்திருப்பார்.

யூபிஐயில் இன்னொரு பாடமும் உண்டு. பணம் கேட்கும் கோரிக்கையை அனுப்பிவிட்டு, ‘பணம் வரப் போகிறது, பின்னைப் போடுங்கள்’ என்று தொலைபேசியில் சொல்லி ஏமாற்றியவர்களை நாம் அறிவோம். பின் என்பது யூபிஐயில் பணம் அனுப்பும்போது கேட்கப்படுகிற உறுதி. பணம் வருவதற்குத்தான் அதைக் கேட்கிறது என்று நம்பிய மனிதரிடம் அந்த உறுதி எதையும் காக்கவில்லை. எச்சரிக்கை வாசகங்கள் எழுதிப் பார்த்தார்கள், குறுஞ்செய்தி அனுப்பினார்கள், கோரிக்கைத் தொகைக்கு உச்சவரம்பு வைத்தார்கள். கடைசியில் தேசியப் பணப்பரிவர்த்தனைக் கழகம், 2025 அக்டோபர் 1 முதல் தனிநபர் இன்னொரு தனிநபரிடம் பணம் கேட்கும் அந்த வசதியையே நீக்கிவிட்டது. ஒரு வசதியை எடுத்துவிடுவதும் வடிவமைப்பு முடிவுதான். புராடக்ட் மேனேஜர்களுக்கு அது மிகவும் கசக்கும் என்பது வேறு விஷயம்.

பெட்டி வைத்தே தீர வேண்டும் என்றால் அதன் பொத்தான்களையாவது ஒழுங்காக எழுதலாம். ‘டிக்கெட்டை ரத்து செய்யவா?’ என்று கேட்டுவிட்டுக் கீழே ‘ரத்து’, ‘சரி’ என்று இரண்டு பொத்தான் வைக்கிற செயலிகள் இன்றும் இருக்கின்றன. ‘டிக்கெட்டை ரத்து செய்’, ‘டிக்கெட் இருக்கட்டும்’ என்று எழுத எந்தச் செலவும் இல்லை.

அடுத்த ஸ்பிரின்ட் திட்டமிடும் முன், வாசகர்கள் ஒன்றைச் செய்துபாருங்கள். உங்கள் தயாரிப்பில் உறுதி கேட்கும் பெட்டிகள் அனைத்தையும் பட்டியலிடுங்கள். ஒவ்வொன்றும் பயனருக்குத் தெரியாத எதையாவது சொல்கிறதா என்று பாருங்கள். சொல்லாதவற்றை இரண்டாகப் பிரியுங்கள்: திருப்பும் வசதி தரக்கூடியவை, தர முடியாதவை. முதல் வகையில் ஒன்றையாவது எடுத்து, தரவு மாதிரி வரைகிறவரையும் திரை வரைகிறவரையும் ஒரே மேசையில் உட்காரவைத்து, என்ன செலவாகும் என்று கணக்குப் போடுங்கள். ‘பயனர் பிழை’ என்று மூடிய டிக்கெட்டுகளையும் அதே மேசையில் வையுங்கள். என்ன கண்டீர்கள் என்பதை எங்களுக்கு எழுதுங்கள். செலவு கட்டுப்படியாகவில்லை என்று கண்டிருந்தாலும் எழுதுங்கள். நிறுவனங்களின் பெயரில்லாமல், வரும் இதழ்களில் வெளியிடுகிறோம்.